திருகோணமலை வலைக்கடைக்கு ஓடூ கம்யூனிட்டி: எங்கே வரம்பு, எங்கே வெட்டு?

மீன்பிடிச் சாமான் கடைக்கு மென்பொருள் தேடுவது பலசரக்குக் கடைக்குத் தேடுவதைப் போல இல்லை. வலை கிலோவில் போகும். கயிறு சுருளாக வந்து மீட்டரில் போகும். ஈயம் நிறையில், மிதவை எண்ணிக்கையில். அவுட்போட் எஞ்சினின் ஸ்பார்க் பிளக் பெட்டியாக வந்து ஒன்றொன்றாக விலைப்படும். இதற்கு மேல் படகுக்காரரின் கடன் கொப்பி. வாடைக்காற்று ஓய்ந்து திருகோணமலைக் கடல் அமைதியானதும் நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்திலிருந்தும் தொழிலுக்கு ஆட்கள் வருவார்கள். கொப்பி இன்னும் தடிக்கும்.

இந்தக் கடைக்கு மென்பொருள் விற்க வருபவர்கள் இரண்டு விதமாகப் பேசுவார்கள். ‘எல்லாம் ஒன்றுக்குள்ளேயே இருக்கிறது, வேறொன்றும் வேண்டாம்’ என்பது ஒன்று. இது மொனோலித், ஒரே கட்டாகக் கட்டியது. ‘பில்லுக்கு ஒன்று, ஸ்டொக்குக்கு ஒன்று, கணக்குக்கு ஒன்று, வேண்டியதை மட்டும் எடுங்கள்’ என்பது மற்றது; இதைத்தான் மொடியூலர் என்கிறார்கள். இங்கே பார்க்கப்போகும் ஓடூ என்ற வியாபார மென்பொருள் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. பெல்ஜியத்தில் 2005இல் டைனி ஈஆர்பி என்ற பெயரில் தொடங்கி, ஓப்பன் ஈஆர்பி ஆகி, 2014இல் இப்போதைய பெயருக்கு வந்தது. பைதன் மொழியில் எழுதியது. தரவெல்லாம் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் இருக்கும். கம்யூனிட்டி பதிப்பு திறந்த மூலம், லைசன்ஸுக்குக் காசு இல்லை. இங்கே சொல்வதெல்லாம் அதன் 17, 18ஆம் பதிப்புகளைப் பற்றியது.

முடிவை முதலே சொல்லிவிடுகிறோம். ஒரு கடை, ஒரு ஸ்டோர், மூன்று நான்கு கணினி என்றால் எடுக்கலாம். ஆனால் அதை எடுக்கச் சொல்வது அதில் நிறைய மொடியூல், அதாவது தனித்தனிப் பகுதிகள், இருப்பதற்காக அல்ல. வரம்பு போட்டிருக்கும் இடங்களில் பெரும்பாலானவை சரியாக இருப்பதற்காக.

வரம்பு என்ற சொல்லைத் தெரிந்துதான் பாவிக்கிறோம். தம்பலகாமத்து வயலில் வரம்பு கட்டியிருப்பதால் ஒவ்வொரு பாத்தியும் தனித்தனி ஊர் ஆகிவிடாது. ஒரே வெளி, ஒரே குளத்துத் தண்ணீர். எந்தப் பாத்திக்கு எப்போது தண்ணீர் விடுவது என்பது மட்டும் தனித்தனி. மென்பொருளிலும் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. நிரலுக்குள் வரம்புகளை எங்கே போடுவது என்பது ஒன்று. எத்தனை சேர்வராகப் பிரித்து ஓட்டுவது என்பது மற்றொன்று; இப்படித் தனியாகப் பிரிப்பதைத்தான் வெட்டு என்கிறோம். மொடியூலரா மொனோலித்தா என்ற வாதம் பெரும்பாலும் குழம்பிப்போவது இந்த இரண்டையும் ஒரே கேள்வியாக எடுப்பதால்தான். உள்ளே நல்ல வரம்புகள் போட்டு, ஒரே சேர்வரில், ஒரே டேட்டாபேஸில் ஓட்டலாம். ஓடூ அப்படித்தான் ஓடுகிறது.

வரம்பு ஏன் வேண்டும் என்பதற்கு இந்த நாட்டிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. வற் வரி 2022 ஜூனில் 8 சதவீதத்திலிருந்து 12 ஆனது. அதே ஆண்டு செப்டெம்பரில் 15. 2024 ஜனவரி 1 முதல் 18. இரண்டு ஆண்டுக்குள் மூன்று மாற்றம். வரி வீதத்தை பில் திரையில் ஒரு தரம், இன்வொய்சில் ஒரு தரம், திரும்பி வந்த சாமான் பகுதியில் ஒரு தரம், மாத அறிக்கையில் ஒரு தரம் என்று எண்ணாகவே எழுதி வைத்த பழைய பாணி மென்பொருள்கள் இந்த இடத்தில்தான் வழுக்கும். பில்லில் மாற்றுவார்கள், சாமான் திரும்பும் பகுதியில் மறந்துவிடுவார்கள். 15 சதவீதத்தில் விற்ற சாமான் புது வருடத்தில் திரும்பி வரும்போது 18 சதவீதத்தில் காசு திருப்பிக் கொடுபடும். கணக்கு ஏன் உதைக்கிறது என்று மாதக் கடைசியில் தேட வேண்டிவரும். கணினி அறிஞர் டேவிட் பார்னாஸ் 1972லேயே சொன்னது இதுதான்: வேலை நடக்கும் வரிசையைப் பார்த்துப் பிரிக்காதே, மாறக்கூடிய முடிவு எது என்று பார்த்து, அந்த ஒவ்வொன்றையும் ஒரு பகுதிக்குள் ஒளித்து வை.

ஓடூவில் வரி ஒரு பதிவு, நிரல் அல்ல. புது வீதம் வரும்போது பழைய வரியைத் திறந்து எண்ணை மாற்றக் கூடாது. புதிதாக ஒரு வரியை உருவாக்கி, பொருட்களுக்கு அதை ஒட்டிவிட்டு, பழையதைச் செயலிழக்க வைக்க வேண்டும். அப்படிச் செய்தால் பழைய பில்லில் இருந்த வரி அப்படியே இருக்கும். திரும்பி வரும் சாமானுக்கும் அந்தப் பில்லின் வீதத்திலேயே காசு போகும். கடை விலை வரி உட்பட்டதா, வரி சேர்க்காததா என்ற தெரிவும் அந்த வரிப் பதிவிலேயே இருக்கிறது. தொடக்கத்தில் இதைத் தவறாக வைத்தால் ஆயிரம் பொருளின் விலையைத் திரும்பப் பதிய நேரும்.

இனி மொடியூல்கள் எப்படிச் சேர்கின்றன என்று பார்ப்போம். ஒவ்வொரு மொடியூலும் ஒரு ஃபோல்டர். அதற்குள் மனிஃபெஸ்ட் என்றொரு கோப்பு. நான் யார், எந்த மொடியூல்களில் தங்கியிருக்கிறேன் என்று அதில் எழுதியிருக்கும். ‘பில் மட்டும் போதும்’ என்று கவுண்டர் விற்பனை மொடியூலை நிறுவினால், அது ஸ்டொக்கையும் இன்வொய்சையும் கூடவே இழுத்து வரும். இதைக் குறை என்று சிலர் சொல்வார்கள். குறை அல்ல. கவுண்டர் விற்பனை, இருப்பு, காசு மூன்றும் ஒன்றையொன்று விட முடியாதவை என்பதை மறைக்காமல் எழுதி வைத்திருக்கிறார்கள். அதே நேரம் ஓடர் எடுக்கும் விற்பனை மொடியூல் வேறு. அதற்கு ஸ்டொக்கைப் பற்றித் தெரியாது, ஸ்டொக்குக்கு விற்பனையைப் பற்றித் தெரியாது. இரண்டும் ஒரே டேட்டாபேஸில் நிறுவப்பட்டதும் நடுவில் ஒரு பால மொடியூல் தானாகவே ஏறிக்கொள்ளும். சேவை மட்டும் விற்கும் எஞ்சின் திருத்தும் கடைக்கு ஸ்டொக் வேண்டாம் என்றால் பாலமும் ஏறாது. இந்த ஒரு ஏற்பாடு, சொந்தமாக மென்பொருள் எழுதும் இளைஞர்கள் உட்கார்ந்து படிக்க வேண்டியது. இரண்டு பகுதிகள் சந்திக்கும் நிரலை இரண்டில் ஒன்றுக்குள் திணிக்காமல் மூன்றாவதாக வைத்தால், எதைக் கழற்றினாலும் மற்றது தொடர்ந்து ஓடும்.

பல துண்டாக வாங்கினால் என்ன நடக்கும் என்பதையும் பார்க்க வேண்டும். பில் ஆப் ஒன்று, ஸ்டொக் ஆப் வேறொன்று, இரண்டையும் இன்டர்நெட் வழியாக இணைக்கும் நிரல் ஒன்று. கவுண்டரில் 40 மீட்டர் கயிறு விற்றாயிற்று. ‘40 கழி’ என்று ஸ்டொக்குக்குத் தகவல் போகிறது. பதில் வருமுன் லைன் அறுந்துவிட்டது. கழித்ததா, கழிக்கவில்லையா? திரும்ப அனுப்பினால் 80 கழியலாம். அனுப்பாவிட்டால் ஒன்றுமே கழியாமல் போகலாம். இதற்கு மருந்து உண்டு. ஒவ்வொரு பில்லுக்கும் தனி அடையாள எண் இருக்க வேண்டும். அதே எண் இரண்டாம் தரம் வந்தால் ஸ்டொக் பக்கம் அதைப் புறக்கணிக்க வேண்டும். அனுப்ப வேண்டிய தகவல் பில்லோடு சேர்ந்து ஒரே பரிவர்த்தனையில் டேட்டாபேஸில் பதிய வேண்டும். போய்ச் சேரும்வரை அங்கிருந்து திரும்பத் திரும்ப அனுப்ப வேண்டும். இரவில் இரண்டு பக்கத்து எண்ணிக்கையையும் ஒப்பிட வேண்டும். இவையெல்லாம் இருக்கிறதா என்று விற்பவரிடம் கேளுங்கள். ‘ஏபிஐ இருக்கிறது’, அதாவது மென்பொருள்கள் பேசிக்கொள்ள வழி இருக்கிறது, என்பது இதற்குப் பதில் அல்ல. ஒரே டேட்டாபேஸில் இருந்தால் இந்த வேலை எதுவும் தேவையில்லை. இருப்பும் பணமும் ஒரே பரிவர்த்தனையில் சேர்ந்து பதியும், இல்லையென்றால் இரண்டும் பதியாது. பெரிய இடங்களும் இதைக் கண்டுகொண்டிருக்கின்றன. அமேசான் பிரைம் வீடியோவின் ஒரு குழு, வீடியோத் தரத்தைக் கண்காணிக்கும் சேவையைப் பல துண்டிலிருந்து ஒரே துண்டாக்கிச் செலவை 90 சதவீதத்துக்கு மேல் குறைத்ததாக 2023இல் எழுதியது.

இருந்தாலும் ஓடூ ஓர் இடத்தில் வெட்டியிருக்கிறது. அந்த இடம் கவுண்டர். விற்பனைத் திரை பிரவுசருக்குள் ஓடும். ஒரு தரம் திறந்துவிட்டால், சேர்வரோடு தொடர்பு அறுந்தாலும் பில் போட்டுக்கொண்டே இருக்கலாம். தொடர்பு வந்ததும் தானாக அனுப்பும். ஒவ்வொரு பில்லுக்கும் தனி அடையாளம் இருப்பதால் இரட்டிப்பு ஆகாது. வலையமைப்பு பலவீனமான இடம் எதுவோ அங்கே வெட்டியிருக்கிறார்கள், அதற்குரிய மருந்தையும் சேர்த்தே வைத்திருக்கிறார்கள். கவனிக்க வேண்டியது ஒன்று: அனுப்பாமல் தேங்கிய பில்கள் அந்த பிரவுசரின் சேமிப்பில்தான் இருக்கும். கணினி மெதுவாகிவிட்டது என்று யாராவது பிரவுசர் தரவை அழித்தால் அவையும் போய்விடும். கவுண்டர் கணினியில் அந்த வசதியைப் பூட்டி வையுங்கள்.

கவுண்டரில் விற்றது ஸ்டொக்கில் எப்போது கழிய வேண்டும் என்பதற்கு ஒரு தெரிவு இருக்கிறது: உடனுக்குடன், அல்லது செஷன் (கவுண்டரைத் திறந்ததிலிருந்து மூடும் வரையான விற்பனை) மூடும்போது. இரண்டாவது வேகமானது, ஆனால் ஸ்டோரில் இருப்பவர் பார்க்கும் எண்ணிக்கை மாலை வரை பொய்யாக இருக்கும். வலைக்கடைக்கு உடனுக்குடனே வையுங்கள். இன்வொய்ஸ் போடாத பில்களின் கணக்குப் பதிவுகள் எப்படியும் செஷன் மூடும்போதுதான் ஏறும். ஆகவே செஷனை ஒவ்வொரு நாளும் மூட வேண்டும். ஒரு கிழமை திறந்தே கிடந்தால் எந்த நாள் காசு குறைந்தது என்று பிடிக்க முடியாது.

அளவலகில் நிறையப் பேர் விழுகிறார்கள், ஆகவே விரிவாகச் சொல்கிறோம். 17, 18ஆம் பதிப்புகளில் ஒரே வகைக்குள் உள்ள அலகுகளுக்கிடையில்தான் மாற்றம் நடக்கும். ‘சுருள்’ என்ற அலகை எண்ணிக்கை வகையில் உருவாக்கினால் அது ஒருநாளும் மீட்டராக மாறாது. நீள வகையில் உருவாக்கி, ஒரு சுருள் 200 மீட்டர் என்று விகிதம் கொடுக்க வேண்டும். 220 மீட்டர் சுருளும் வாங்குகிறீர்கள் என்றால் அதற்கு வேறு பெயரில் இன்னோர் அலகு வேண்டும். கயிற்றின் அடிப்படை அலகாக மீட்டரை வையுங்கள், கொள்வனவு அலகாகச் சுருளை வையுங்கள். இருப்பு ஒரு தரம் அசைந்துவிட்டால் அடிப்படை அலகை மாற்ற விடாது. அந்தப் பொருளை மூடிவிட்டுப் புதிதாகத்தான் தொடங்க வேண்டும். வலைக்குக் கிலோ. கம்யூனிட்டியில் நிறையைக் கையால் பதியலாம். அல்லது பார்கோட்டிலேயே நிறையை ஏற்றி அச்சிடும் தராசு இருந்தால், 21 என்று தொடங்கும் அந்த பார்கோட்டை ஓடூ தானாகவே நிறையாக வாசிக்கும்.

கடன் கொப்பி விடயத்தில் கம்யூனிட்டி பாதி வழிதான் வருகிறது. வாடிக்கையாளர் கணக்கு என்ற கட்டண முறையை உருவாக்கினால் கடனுக்கு விற்கலாம். ஆனால் படகுக்காரர் வந்து 25,000 ரூபா தருகிறார் என்றால், பழைய கடனை கவுண்டர் திரையிலேயே தீர்க்கும் வசதி காசு கட்டும் பதிப்பில்தான் இருக்கிறது. கம்யூனிட்டியில் இன்வொய்ஸ் பகுதிக்குப் போய்ப் பதிய வேண்டும். கடன் எல்லையும் வைக்கலாம். ஆனால் அது எச்சரிக்கும், தடுக்காது, அதுவும் விற்பனை ஓடரிலும் இன்வொய்சிலும் மட்டும். கடனே உயிராக இருக்கும் கடைக்கு இது சின்னக் குறை அல்ல.

வரம்பு உடையும் இடங்களுக்கு வருவோம். இங்கேதான் ஓடூவை நாங்கள் முழுமனதோடு பாராட்ட முடியாமல் இருக்கிறது. எந்த மொடியூலும் எந்த மொடியூலின் நடத்தையையும் மேலெழுதலாம். ‘ஓடரை உறுதிசெய்’ என்ற செயலுக்குள் யாராவது தங்கள் நிரலைப் புகுத்தி, மூலச் செயலை அழைக்கும் சூப்பர் என்ற கட்டளையை மறந்துவிட்டால், அந்தச் செயலில் தங்கியிருந்த மற்ற மொடியூல்களும் சத்தமில்லாமல் நின்றுவிடும். பிழைச்செய்தி வராது. ஓடர் உறுதியாகும், ஸ்டோருக்குச் சாமான் எடுக்கச் சொல்லும் துண்டு மட்டும் போகாது. திரைகளிலும் இதே கதை. மூலத் திரையில் ‘இந்தப் பெட்டிக்குப் பிறகு’ என்று இடம் குறித்துத் தங்கள் பெட்டியைச் செருகுவார்கள். அடுத்த பதிப்பில் அந்தப் பெட்டி இடம் மாறினால், குறித்த உறுப்பைக் காணவில்லை என்று மொடியூல் ஏறாமல் நிற்கும். இது பரவாயில்லை, சத்தம் போட்டு உடைகிறது. முதலாவதுதான் ஆபத்து.

கழற்றுவதும் அப்படியே. ஒரு மொடியூலை நீக்கினால் அது உருவாக்கிய அட்டவணைகளும் பத்திகளும் அவற்றிலுள்ள தரவோடு போய்விடும். அதில் தங்கியிருந்த மொடியூல்களும் சேர்ந்தே போகும். எச்சரிக்கைப் பட்டியல் காட்டும். அதைப் படிக்காமல் சரி என்று அழுத்தக் கூடாது. எப்போதும் முதலில் டேட்டாபேஸைப் பிரதியெடுத்து, பிரதியில் கழற்றிப் பாருங்கள்.

ஆகவே வெளியார் மொடியூல்களைக் கணக்குப் பார்த்துத்தான் ஏற்ற வேண்டும். ஐந்தாறுக்குள் நிறுத்துவது நல்லது என்பது எங்கள் அபிப்பிராயம். ஓடூ கம்யூனிட்டி அசோசியேஷன் பராமரிப்பவற்றை முதலில் பாருங்கள். கம்யூனிட்டியில் இல்லாத பேரேடு, ஐந்தொகை அறிக்கைகள் அங்கே கிடைக்கின்றன. ஒரு பதிப்பிலிருந்து அடுத்ததற்குப் போவதற்கும் அவர்களுடைய ஓப்பன் அப்கிரேட் திட்டந்தான் கம்யூனிட்டிக்காரருக்கு வழி. அது ஒவ்வொரு பதிப்பாகத்தான் ஏறும். அத்தனை படியிலும் வெளியார் மொடியூல் ஒவ்வொன்றும் கூட வர வேண்டும். பத்து மொடியூல் ஏற்றியவர் பழைய பதிப்பிலேயே மாட்டிக்கொள்வது இப்படித்தான்.

சேர்வருக்கு இரண்டு ப்ரொசசர் கோர், 4 ஜிபி நினைவகம் உள்ள சின்னக் கணினி போதும். கணக்கு இது: வேர்க்கர் (வேண்டுகோள்களைக் கவனிக்கும் ஓடூ செயல்முறை) எண்ணிக்கை, கோரின் இரண்டு மடங்கோடு ஒன்று. இரண்டு கோருக்கு 5 வேர்க்கர், நேரம் குறித்த வேலைகளுக்கு இன்னும் ஒன்று. பாரமான வேலைக்கு 1 ஜிபி, இலேசானதற்கு 150 எம்பி, ஐந்தில் ஒன்று பாரமானது என்று எடுத்தால், வேர்க்கர் ஒன்றுக்குச் சராசரி 325 எம்பி. ஆறுக்கும் சேர்த்து ஏறத்தாழ 2 ஜிபி, மிச்சம் போஸ்ட்கிரெஸ்ஸுக்கு. ஒரு வேர்க்கர் ஏறத்தாழ ஆறு பேரைத் தாங்கும் என்பதால் மூன்று கணினிக் கடைக்கு இது தாராளம். வேர்க்கர் முறை லினக்ஸில்தான் ஓடும். வேர்க்கரை இயக்கியதும் ஓடூ வழமையாகப் பேசும் 8069 போர்ட் மட்டும் போதாது. உடனடி அறிவிப்புகள் 8072 போர்ட்டில் தனியாகப் போகும், முன்னால் இருக்கும் வெப் சேர்வரில் அதற்கும் வழி விட வேண்டும். இதை மறந்தால் திரை திறக்கும்; ஆனால் தொடர்பு அறுந்தது என்ற செய்தி திரும்பத் திரும்ப வரும்.

தமிழில் இன்வொய்ஸ் அச்சிட சேர்வரில் தமிழ் எழுத்துரு இருக்க வேண்டும். இல்லையென்றால் வெறும் பெட்டி பெட்டியாக வரும். லோஹித் தமிழ் போதும். பிடிஎஃப் செய்யும் wkhtmltopdf என்ற நிரலின் 0.12.6 பதிப்பில் க்யூட்டி (Qt) திருத்தம் சேர்த்ததையே நிறுவுங்கள். திருத்தம் இல்லாததில் பக்கத்தின் தலைப்பும் அடிக்குறிப்பும் விழாது. கவுண்டர் ரசீது படமாகவோ பிரவுசர் வழியாகவோ அச்சாவதால் 80 மில்லிமீட்டர் தாளில் தமிழ் ஒழுங்காக வரும்.

பேக்கப் எடுக்கும்போது டேட்டாபேஸை மட்டும் எடுத்தால் போதாது. பில் ஸ்கேன்களும் பொருட்படங்களும் ஃபைல்ஸ்டோர் என்ற தனி ஃபோல்டரில் இருக்கின்றன. இரண்டையும் ஒரே நேரத்தில் எடுத்து, மாதம் ஒரு தரம் வேறு கணினியில் மீட்டுப் பாருங்கள். மாரி காலத்தில் கரன்ட் போவது வழமை. உறுதியான பரிவர்த்தனையை போஸ்ட்கிரெஸ் கைவிடாது, ஆனால் வேகத்துக்காக, பதிவை வட்டில் உறுதியாக எழுதும் அதன் எஃப்சிங்க் அமைப்பை யாராவது நிறுத்தியிருந்தால் அந்தப் பாதுகாப்பு இல்லை. யூபிஎஸ்ஸும் வேண்டும்.

இன்னோர் இடத்தில் வெட்டுவதையும் பரிந்துரைக்கிறோம்: வெளியார் பார்க்கும் வெப்சைட். ஓடூவிலேயே வெப்சைட் மொடியூல் உண்டு, ஒரே சொடுக்கில் ஏறும். சேர்வர் கடைக்குள் இருந்தால் அதை ஏற்றாதீர்கள். கடையின் லைன் போனால் வெப்சைட்டும் போகும். வெப்சைட்டைத் தாக்க வருபவன் கடன் கொப்பி இருக்கும் அதே டேட்டாபேஸின் வாசலில் நிற்பான். வெப்சைட் வெளியில் இருக்கட்டும். விலைப்பட்டியல் ஒரு மணிக்கொரு தரம் கடையிலிருந்து வெப்சைட்டுக்கு ஒரே திசையில் போனால் போதும். குறுஞ்செய்தி அனுப்பும் வேலையும் இப்படியே. அது தாமதமானால் பில் நிற்கக் கூடாது.

யாராவது தங்கள் மென்பொருளை மொடியூலர் என்று சொல்லி விற்க வந்தால், மாதிரிக் கணினியில் முன்னால் வைத்தே செய்து காட்டச் சொல்லுங்கள். நாளையிலிருந்து வரி வேறு என்று மாற்றி, நேற்றைய பில்லின் சாமானைத் திருப்பி எடுக்கட்டும். ஒரு பகுதியைக் கழற்றிவிட்டு மிச்சம் ஓடுகிறதா என்று பார்க்கட்டும். பில் பாதியில் இருக்கும்போது வலையமைப்பு வயரைப் பிடுங்குங்கள், பிறகு கரன்ட் வயரைப் பிடுங்குங்கள். திரும்ப ஏற்றி இருப்பை எண்ணுங்கள். ஓடூ இவற்றில் தாண்டும். கழற்றும் சோதனையில் மட்டும் மேலே சொன்ன நிபந்தனையோடு.

மாற வேண்டிய காலம் கடையின் காலத்தைப் பொறுத்தது. கார்த்திகை முதல் தை வரை கடல் கொந்தளிப்பு, வியாபாரம் மந்தம். ஜனவரியில் ஸ்டோரை எண்ணி, அலகுகளைத் தீர்மானித்து, பொருட்பட்டியலை ஏற்றுங்கள். பெப்ரவரியிலும் மார்ச்சிலும் பழைய கொப்பியும் ஓடூவும் சேர்ந்தே ஓடட்டும். ஒவ்வொரு சனிக்கிழமையும் பத்துப் பொருளை எடுத்து, கொப்பி, திரை, தட்டு மூன்றையும் ஒப்பிடுங்கள். வரி ஆண்டு ஏப்ரல் 1இல் தொடங்குவதால் கடன் நிலுவைகளை மார்ச் 31 இரவு ஒவ்வொரு ஆளின் பெயரிலும் தொடக்க மீதியாகப் பதிந்துவிட்டு, மறுநாள் காலை கொப்பியை மூடி வைக்கலாம்.